கை வைத்தால் கிளம்பும் வேன்

டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிப்போகும் அந்த வெள்ளை வேன், ஓட்டுநரின் மனைவி அதன்மேல் கை வைத்தால்தான் கிளம்பும். தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் எந்த நேரம் வரும் என்று தெரிந்திருப்பதைப் போல.

முதலில் ஒரு மழைக்காலத்துக் காலையில் வேன் மக்கர் பண்ணியது. சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், அதோடு சரி. ஓட்டுநர் பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி வெந்நீர் ஊற்றினார். பேச்சுமூச்சில்லை. எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். டெஸ்ட் லேம்ப்பைப் பல்லில் கடித்துக்கொண்டே வேலை பார்ப்பதால் அவருக்கு மின்மினி என்று பெயர். மின்மினி ஃபியூஸ்களைப் பிடுங்கிப் பார்த்தார், எர்த் வயரை மாற்றினார், செல்ஃப் மோட்டாரைக் கழற்றித் தரையில் வைத்து கரண்ட் கொடுத்தார். அது சமர்த்தாகச் சுற்றியது. திரும்ப மாட்டினால் மறுபடி டக். புது பேட்டரி வைத்தும் அதே கதைதான். "எல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்றார். இதற்குள் பக்கத்துத் தெருக்களில், கால் வீங்கிய நோயாளிகள் வேனுக்காக வாசலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். துணி ஆலையில் இஸ்திரி போடக் கிளம்பிய மனைவி, டீ ஆறுவதைச் சொல்ல வந்தவள், அலுப்பில் பானட்டின்மேல் கையை ஊன்றினாள். ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். வேன் உறுமியது. அணைத்துவிட்டு, அவளை நகரச் சொல்லிப் பார்த்தார்கள், டக். மின்மினி மீட்டரை அவள் விரலில் வைத்துப் பார்த்து, "கரண்ட் அண்ணிகிட்டேருந்துதான் வருது" என்று சொல்லிவிட்டு ஸ்பானர்களைப் பையில் போட்டுக்கொண்டார்.

வருஷங்கள் ஓடின. காலையில் கை கொடுத்துவிட்டுப் போகிறவள், ஆலையில் நின்றுகொண்டே கண்ணயர்ந்தாள். கன்னம் ஒட்டிப்போயிற்று, தலை சீக்கிரமே நரைத்தது. வேனை விற்கப் பார்த்தார் ஓட்டுநர். கிளம்பாத வண்டியை யார் வாங்குவார்கள்? "இன்னிக்கு ஒரு நாள் விட்டுடலாமா?" என்று கேட்பார். "அங்க மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. திருப்புங்க சாவிய" என்பாள்.

ஒரு காலை அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. வேன் வராது என்று ஓட்டுநர் ஒவ்வொரு நோயாளிக்கும் போன் செய்தார். அவர்களோ சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, அவளைப் பார்க்க வந்துவிட்டார்கள். அவள் பாயில் சுருண்டு கிடந்தாள். "எழுப்பாதீங்க" என்றாள் அவர்களில் ஒருத்தியான தையல்காரம்மா. வெளியே போய் பானட்டில் கை வைத்தாள். ஓய்வுபெற்ற கண்டக்டர், "நம்மகிட்ட என்னம்மா இருக்கு, சக்கைதானே?" என்றார். "இருக்கிறத வைங்க." அவரும் வைத்தார். மற்றவர்களும் இடித்துப்பிடித்துக்கொண்டு வைத்தார்கள். வேன் ரொம்ப நேரம் இருமியது, பிறகு கிளம்பியது. ஓட்டுநர் ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். "அழுதது போதும், நேரமாச்சு" என்று கண்டக்டர் விசிலடித்தார்.

அதிலிருந்து அப்படித்தான். வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி, ஊசித் தழும்பேறிய கைகள் பானட்டில் வரிசையாகப் பதிவதையும் வேன் கிளம்புவதையும் நின்று பார்த்தார். பின்பக்க விளக்கு ஒன்று எரியவில்லை, மாற்றிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். வீட்டுக்குள் அவள் புரண்டு படுத்துத் தூக்கத்தைத் தொடர்ந்தாள்.