மேஸ்திரிமேல் கட்டிய பாட்டு

பாட்டு நாலே அடிதான். ஆனால் 1903-ஆம் வருஷம் தங்கவயலில் எங்கள் சுரங்கக் கூலிகளின் லைன் வீடுகள் முழுக்க, கிணற்றடி வரைக்கும் அதையே முணுமுணுத்தார்கள்.

"கயிறு கேட்டும் கயிறு கேட்டும்
காதுல வாங்கலியே மேஸ்திரி
வயிறு எரியுது வயிறு எரியுது
வாயத் தெறக்கலியே மேஸ்திரி"

இடுப்பில் கட்டிக்கொள்ளக் கயிறு கேட்டும் கொடுக்காமல் இறக்கிவிட்டதில், முந்தின மாதம் கூலியாள் ராஜப்பா சுரங்க ஷாஃப்டின் ஆழத்தில் விழுந்து செத்தான். அவனை இறக்கிவிட்ட மேஸ்திரி தசரதன், பாட்டைக் கேட்டு என் பள்ளிக்கூடத்துக்கே வந்து குதித்தான்.

"கூட வேலை செஞ்ச எட்டு பேருல ஒருத்தன்தான் கட்டியிருக்கான். எட்டு பேரையும் நாளைக்கே தொரத்தறேன், பாருங்க!"

எட்டுக் குடும்பம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வட்டாரத்தில் யாப்பு தெரிந்தவன் பர்னபாஸ் வாத்தியார் நான் ஒருத்தன்தான் என்ற திமிரும் கூடவே வந்தது. என்ன செய்ய, பிறவிக் குணம்.

பெஞ்சில் தட்டிக் காட்டினேன். "கயிறு, வயிறு, இது எதுகை. கயிறுக்குக் காது, வயிறுக்கு வாய், இது மோனை. இதெல்லாம் யாருக்கும் வரும். தாளத்தக் கேளுங்க மேஸ்திரி. உங்க ஆளுங்க பாடுற சம்மட்டிப் பாட்டுன்னா அடி ஒரே அளவா விழணும். இதுல சொன்னதையே ரெண்டு தரம் சொல்லி நிறுத்தி, அப்புறம் 'மேஸ்திரீ'ன்னு இழுக்குது. அம்மாம் நேரம் சம்மட்டிய ஆகாசத்துல புடிச்சினு நிக்க முடியுமா? உங்க ஆளுங்க கட்டுனதே இல்ல. இது பொம்பளைங்க மாருல அடிச்சினு அழுவுற தாளம்."

சொல்லி முடித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தசரதன், "ஓகோ" என்று மட்டும் சொல்லி எழுந்து போனான்.

அவன் படி இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. லைனில் முந்தின மாதம் தாலியறுத்தவள் ஒருத்திதான், ராஜப்பாவின் பெண்சாதி சம்பங்கி. அடப் பாவி மனுஷா என்று தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். "சும்மா சொன்னேன் மேஸ்திரி, நில்லுங்க!" அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் எட்டு பேரும் ஷிப்டுக்கு இறங்கினார்கள். சம்பங்கிக்குக் கல் பொறுக்கும் வேலையும் போயிற்று, லைன் வீடும் போயிற்று. மூட்டையும் இரண்டு பிள்ளைகளுமாகக் கோரமண்டல் ரயில் ஸ்டேஷனில் நின்றிருந்தாள்.

"பாட்டுல எம்பேரே இல்லியே வாத்தியாரே, அந்தாளு எப்படிக் கண்டுபுடிச்சான்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான்தாம்மா சொன்னேன். தாளத்த வச்சு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அழுவ வந்தா அப்படித்தான வருது, வாத்தியாரே? வேற எப்படி அழுவணும் நானு?"