ஐந்து வரிசைக்கு வெறும் தண்ணீர்

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல, காதில் விழுந்தது. உடைந்த மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளப் புத்தூரில் காத்திருந்தேன். பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண் சொன்னார்: "எங்க பக்கத்துல ஒருத்தி, காலேஜுல குடுத்த மருந்துல தண்ணியக் கலந்துட்டா. வேணும்னே." அதற்குள் அவர் முறை வந்துவிட்டது. மிச்சத்தை நான் எழுதுகிறேன். ஆகவே மிச்சத்துக்கு நானே பொறுப்பு.

2

வானம் இருண்டுகொண்டு வந்த ஒரு மாலையில் தாட்சாயணி தன் வயல் வரப்பில்...

வேண்டாம். காலை எட்டு மணி, நல்ல வெயில். விஜயபுரத்துக்குப் பக்கத்தில் பத்து வரிசைத் தக்காளி. போன வருடம் கருகல் நோய் இலைகளில் வட்டத்துக்குள் வட்டமாக விழுந்து, பன்னிரண்டே நாளில் தாட்சாயணியின் வயலைத் தீர்த்துவிட்டது. இந்த வருடமும் போனால் அவள் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வேலைக்குக் கம்பெனி பஸ் ஏறவேண்டும். அதில் அவமானம் ஒன்றுமில்லை. அவளுக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

திருப்பதி வேளாண்மைக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் ஹர்ஷினி ஸ்கூட்டியில் இரண்டு கேன் கொண்டுவந்தாள். சிவப்பு மூடி, நீல மூடி. ஒன்றில் இறால் ஓட்டிலிருந்து எடுத்த சாறு. மற்றதில் வெறும் தண்ணீர்.

"எதுல இன்னா இருக்குன்னு எனக்கே தெரியாதுக்கா. சார் மட்டும் எழுதி வச்சிருக்கார். அஞ்சு வரிசைக்குச் சிவப்பு, அஞ்சுக்கு நீலம்."

"தண்ணி குடிச்ச அஞ்சு?"

"கருகல் வந்தா கருகும். அப்பதான் மருந்து வேலை செஞ்சுதுன்னு சொல்ல முடியும்."

"ஓ. சாவறதுக்குன்னு அஞ்ச வளக்கணும்."

"போன மாசமே சொல்லித்தானக்கா கையெழுத்து வாங்குனேன்?"

"சொன்ன. அப்ப பூ வெக்கலியே."

(முதல் வரைவில் ஹர்ஷினி தண்ணீர் விஷயத்தை மறைத்தாள். கதைக்கு ஒரு கெட்டவள் தேவைப்பட்டாள். அநியாயம். அடித்துவிட்டேன்.)

3

கொஞ்சம் விளக்கம். அவசரமிருப்பவர்கள் தாண்டலாம், ஆனால் நஷ்டம் அவர்களுக்கு.

அந்தச் சாறு பூஞ்சையைக் கொல்வதில்லை. பூஞ்சையின் மேல்சுவரிலும் இறால் ஓட்டிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே சரக்கு. இலையில் பட்டதும், பகைவன் வந்துவிட்டான் என்று செடி நம்புகிறது. தன் சுவர்களைத் தடிப்பாக்கிக்கொள்கிறது, தன்னிடமுள்ள நஞ்சுகளைத் தயார் செய்கிறது. உண்மையான பூஞ்சை வரும்போது விழித்திருக்கிறது.* இன்னும் வராத ஆபத்தைச் சொல்லி எழுப்புவது. கதை செய்வதும் அதைத்தான். ஆனால் அளவு குறைந்தால் செடி புரண்டு படுத்துக்கொள்ளலாம்.

* புத்தூர்க் கட்டும் என் எலும்பை ஒட்டவில்லை. அசையாமல் பிடித்திருந்தது. கூடியது எலும்பு.

4

ஸ்கூட்டி மறைந்ததும் தாட்சாயணி இரண்டு மூடிகளையும் திருகினாள். முகர்ந்து பார்த்தாள். [இங்கே அவள் மனப்போராட்டத்தை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவள் போராடவில்லை.] இரண்டையும் ஒரே டிரம்மில் கொட்டிக் குச்சியால் கலக்கி, பத்து வரிசைக்கும் அடித்தாள்.

பூச்சிமருந்துக் கடை ரமணா வரப்போரம் பைக்கை நிறுத்தினான்.

"ஏமக்கா, செடிக்கு இறால் கொழம்பாமே? பூஞ்சான் வந்தா உன் தக்காளி கத்தி எடுத்துக்கினு நிக்குமா?"

"நின்னா உன் கடைய இன்னா பண்ணுவ?"

"கருகல் வரட்டும், நீயே ஓடியாருவ."

"வந்தா பாக்கலாம். இப்ப வண்டிய எட்துக்கினு போ, பூவுல பொகை அடிக்குது."

ஒரு வாரம் கழித்து வந்த ஹர்ஷினியிடம் அவளே சொன்னாள், ஒளிக்காமல். ஹர்ஷினி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொண்ணுக்கும் பாதிதாங்கா போயிருக்கும்! பாதி அளவுல முழிக்குமான்னு யாருக்குமே தெரியாது. பத்தும் போயிடலாம்."

"போனா பத்தும் போவட்டும்."

"என் ஆராய்ச்சி?"

"பாதி குடுத்தா முழிக்குதா, இல்லியா? யாருக்கும் தெரியாதுன்னு நீதான சொல்ற. அத எழுது."

ஹர்ஷினிக்குக் கோபம். ஆனாலும் நோட்டை மூடவில்லை.

5

மழை ஐந்து நாள் விடாமல் பெய்தது. ஆறாம் நாள், மூன்றாம் வரிசையில், ஒரு கீழ் இலையில் ஒரு புள்ளி. வட்டத்துக்குள் வட்டம். தாட்சாயணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்த்தாள். இரண்டு நாள் முன்பு ரமணா அனுப்பிய 'மருந்து வேணும்னு இப்பவாவது சொல்லுக்கா' என்ற செய்தி போனில் இருந்தது. அவள் பதில் போடவில்லை.

முடிவு அ: புள்ளி அங்கேயே நின்றது. [கல்லூரியில் கைதட்டுவார்கள். எனக்கே நம்பிக்கையில்லை.]

முடிவு ஆ: பத்தும் கருகின. தாட்சாயணி பஸ் ஏறினாள். [ரமணா இதைப் படி எடுத்துக் கடையில் ஒட்டுவான்.]

முடிவு இ: பக்கத்து வயல்காரி வெங்கடலட்சுமி எதையும் தெளிக்காதவள். அவள் வயல் மொத்தமாகக் கருக

நிறுத்தினேன். அவளுக்கு ஒரு வீடும் ஒரு பிடிவாதமும் கொடுத்து இரண்டு பத்தி எழுதிய பிறகுதான் உறைத்தது. தாட்சாயணியின் பச்சை உங்கள் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிவதற்காக, ஒருத்தியைக் கருக்குவதற்கென்றே வளர்த்துக்கொண்டிருந்தேன். வெங்கடலட்சுமியைக் கதையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டேன். அவள் வயலைப் பற்றிக் கேட்காதீர்கள்.

6

ஆக, ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. செடிகள் பிழைத்தாலும் சாற்றால் பிழைத்தன என்று யாரும் நிரூபிக்க முடியாது. இது ஆராய்ச்சிக்கு உண்மையான நஷ்டம். அதை மூடி மறைக்கமாட்டேன். தாட்சாயணி செய்தது சரி என்றும் உங்களிடம் வாதாடமாட்டேன்.

முடிவை நீங்கள் எழுதுங்கள். காப்பாற்றலாம், கருக்கலாம், உங்கள் இஷ்டம். ஒரே நிபந்தனை: எதை எழுதினாலும் பத்து வரிசைக்கும் எழுதவேண்டும். ஐந்தைச் சாகவிட்டு ஐந்தைக் காட்டலாம் என்று வயலுக்குள் கால் வைத்துவிடாதீர்கள். தாட்சாயணி வரப்பில்தான் நிற்கிறாள்.