வளராத குஞ்சுகள்

இளவேனில் விடைபெற்று முதுவேனில் வாயிலில் நின்ற ஒரு விடியற்பொழுதில், இரவெல்லாம் விண்மீன்களைச் சுமந்து களைத்த ஏரி, கிழக்கு வெளுக்கவே அவற்றை ஒவ்வொன்றாய் இறக்கி வைத்துவிட்டு, மெல்லிய பனிப்படலத்தைப் போர்த்துக் கிடந்தது. நாரைகள் வழக்கில் தோற்றவர் போல ஒற்றைக்காலில் நின்று எண்ணமிட, நாமக்கோழிகள் குடும்பப் பூசலை ஊரறியப் பேச, கரையோரக் கோரைக்காட்டின் உள்ளே, பாசியால் அடுக்கிய மிதவைக் கூட்டில், முக்குளிப்பான் ஒன்று தன் வரிக்குஞ்சுகளை முதுகேற்றிக்கொண்டிருந்தது.

அக்காட்சியைக் காணவொட்டாது மறைத்த கோரையைப் பகைவனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு கரையில் அமர்ந்திருந்தார் ஒளிவேந்தர். அறிவுடையீர், அப்பட்டம் அரசு தந்ததன்று. அவரே தலைவராய் வீற்றிருக்கும் ஒளிப்படக் கழகம், அவரே முன்மொழிய, அவருக்கே அளித்தது. பறவைகள் தம்மை அறியாதிருக்க அவர் அணிந்த இலைவண்ண மேலாடையை ஏரியின் மறுகரை எருமைகளும் அடையாளம் கண்டுகொள்ளும். "ஓர் இலையைத் தொட்டவன் கலைஞன் அல்லன்" என்று கழக மேடையில் ஆண்டுதோறும் முழங்குபவர், இன்று இடுப்பில் அரிவாளோடு வந்திருந்தார்.

காரணம் வீட்டில் படுத்திருந்தது. வாழ்நாளெல்லாம் ஒளிப்படக் கருவியின் முக்காலியைச் சுமந்து பின்னே நடந்தவளும், பறவையை முதலில் கண்டு, அவர் கண்டதாகவே அவரை நம்பவைத்தவளுமாகிய அவர் மனைவி, நெஞ்சு தளர்ந்து, எதிர்வீட்டுச் சுவரையன்றி வேறு காட்டாத பலகணியருகே கிடந்தாள். படியிறங்கக் கூடாதென்று மருத்துவர் சொல்லுமுன் அவள் கடைசியாகக் கண்டறிந்தது இக்கூட்டைத்தான்.

"குஞ்சு முதுகுல ஏறுறத மட்டும் எடுத்துட்டு வாங்க," என்றிருந்தாள். "அதப் பாத்துட்டா ரெண்டு வாய் கூடவே சாப்பிடுவேன்."

ஆகவே வேந்தர் நீரில் இறங்கினார், தாய்ப்பறவை மூழ்கி மறைய, ஒரு சாளரம் அளவுக்குக் கோரையை அரிந்தார், கரையேறிக் காத்திருந்தார். தாய் மீண்டது. வில்லையின் நேர் எதிரே, பொன்வெயிலில் நனைந்து, குஞ்சுகள் முதுகேறின. விசையை அழுத்தியழுத்தி அவர் தம்மை மறந்திருந்த வேளையில், அவர் திறந்த அதே சாளரத்தின் வழியே பருந்தும் பார்த்தது. ஒருமுறை பாய்ந்தது, மறுமுறையும் வந்தது. பிறகு, தாய் மட்டும் நீரைச் சுற்றிச் சுற்றிக் கூவிக்கொண்டிருந்தது.

அன்று படத்தைக் கண்ட மனைவி முகம் மலர்ந்து, சொன்னபடியே உண்டாள். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் பெருசாயிருக்கும், இல்லங்க?"

"இருக்கும்," என்றார் அவர்.

அதன்பின் நாள்தோறும் விடியலில் ஏரிக்குச் சென்று, வெறுநீரைப் பார்த்திருந்து, காலில் சேறு பூசிக்கொண்டு திரும்பி, அந்த ஒரே காலையில் எடுத்த படங்களில் மற்றொன்றை அன்றைய படமென்று காட்டலானார். மேடைதோறும் வாய்மை பேசிய நா, உணவுத் தட்டின் முன் பொய்யைப் பிசைந்து ஊட்டியது.

ஒருநாள் அவள் கருவியின் சிறுதிரையைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"என்னங்க, இதுங்க வளரவே மாட்டேங்குதே."

"தீனி கம்மி. மெதுவாத்தான் வளரும்."

"குஞ்சுக்குத் தீனி கம்மி, சரி. வெட்டின கோரைக்குமா? இந்நேரம் தளிர் விட்டிருக்கணுமே."

ஒளிவேந்தர் தம் காற்சேற்றைப் பார்த்தார்.

"எல்லாமே போயிடுச்சா? ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லம்மா. நான்தான் வெட்டினேன்."

"வேற யாரு வெட்டுவா? நான் கேட்டேன், நீங்க வெட்டினீங்க." தட்டைத் தன்பால் இழுத்துக்கொண்டாள். "நாளைக்கும் காட்டுங்க. பெரிய ஆளு, பொய்கூட ஒழுங்கா சொல்ல வரல உங்களுக்கு."

மறுநாளும் காட்டினார், அதற்கடுத்த நாளும் காட்டினார். படங்கள் தீருமுன் அவள் தீர்ந்தாள். கழகம் அவ்வாண்டின் தலைசிறந்த படத்தைக் கேட்டபோது, காட்டத் தம்மிடம் ஒன்றுமில்லை என்றார்; தன்னடக்கம் என்று கைதட்டினார்கள்.

மழை வந்தது. அரிந்த கோரை முன்னினும் அடர்ந்து எழுந்து அச்சாளரத்தை அடைத்தது. ஒரு காலை, அவ்வடர்த்தியின் உள்ளிருந்து, நூலிழை போலும் மெலிந்த குரல்கள் பல ஒருங்கே எழக் கேட்டார். கருவி கையிலிருந்தது, காற்று ஓர் இலையை விலக்கியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீடு திரும்பி, காலைக் கழுவி, பலகணியருகே வெறுங்கட்டிலின் முன் நின்றார்.

"குஞ்சுங்க இருக்குதுங்க," என்றார். "நான் பாக்கல. சத்தம் கேட்டுச்சு."