நன்றியெல்லாம் அவருக்கே

எனக்கு இயேசு கிறிஸ்துமேல் பொறாமை. சொன்னால் சிரிப்பீர்கள். நானும் ஞானஸ்நானம் வாங்கினவன்தான், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன்தான். வானத்தையும் பூமியையும் படைத்தவர் அவரே என்று நானும்தான் நம்புகிறேன். ஆனால் என் மனைவி ஜெபஷீலா அளவுக்கு நம்பினால் வீட்டில் புருஷனுக்கு வேலையே இல்லை.

கம்பம் சந்தையிலிருந்து மல்லிகைப்பூ வாங்கி வந்தால், "எவ்வளவு அழகாப் படைச்சிருக்காரு!" என்பாள். வாங்கி வந்தவன் செருப்பைக் கழற்றிக்கொண்டு வாசலில் நிற்பேன். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் "நீங்க நல்லாச் செஞ்சீக" என்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வயிற்றெரிச்சலும்.

போன வருடம் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் போர்வெல் போட்டேன். மூன்று நாள் வெயிலில் நின்றேன். அறுநூறு அடியில் தண்ணீர் பீறிட்டது. ஓடி வந்தவள் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "தண்ணியப் படைச்ச இயேசப்பாவுக்கு ஸ்தோத்திரம்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "படைச்சது அவருதான். அறுநூறு அடிக்குக் கீழ ஒளிச்சு வச்சதும் அவருதான? தோண்டி எடுத்தது யாரு?"

"தோண்டக் கையக் குடுத்தது யாரு?" என்றாள்.

நோகாமல் நுங்கு தின்கிறார் என்று முணுமுணுத்துவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பக்கத்துத் தோட்டத்துச் சுருளிராஜன் வரப்பில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "ஏலே பொன்னுராஜ், சாமிகூடப் போட்டி போட்டு எவன்லே ஜெயிச்சான்?"

இந்தத் தடவை திராட்சை கண் பட்டுவிடும்போல விளைந்தது. வெட்டுக்கு நாலு நாள் இருக்கையில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியதில் பழமெல்லாம் வெடித்துப் பந்தலிலேயே அழுகி, ஈ மொய்த்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நஷ்டத்திலும் எனக்கு ஒரு ஓரத்தில் குஷி. மழையையும் அவர்தானே படைத்தார்? இப்போது என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

பந்தலை நிமிர்ந்து பார்த்தவள், "போன வாரமே வெட்டிருங்கன்னு சொன்னேன். கேட்டீகளா?" என்றாள்.

ஆக, விளைந்தால் அவர், அழுகினால் நான்! முறுக்கிக்கொண்டு வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். சாயங்காலமாகியும் அவள் சாப்பிடக் கூப்பிடவில்லை. உள் அறையில் அவள் குரல் கேட்டது. போய்க் கதவோரம் நின்றேன். முழங்காலில் நின்று, அழுதுகொண்டே சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் நீர் படைச்சதுதான் ஆண்டவரே, நான் இல்லேங்கல. மழையும் உம்மோடதுதான். ஆனா அவுக பட்ட பாட்டை நீர் பாக்கலையா? பிள்ளையப் பாக்குற மாதிரி ஒவ்வொரு குலையையும் பாத்தாகளே! அவுக மாதிரி உழைக்கிற மனுசன் இந்த வட்டாரத்துல யாரு இருக்கா? அவுகளுக்குப் போயி இப்படிச் செய்யலாமா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கேட்க ஆசைப்பட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டாள். ஆனால் அதையும் அவரிடம்தான் சொன்னாள்.