மாதாவுக்குப் போட்ட இலை

மைக்கில் தன் பெயர் வந்ததும் சகாயராணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

நாமக்கல் கோயிலில் அவள் மாமியார் அந்தோணிமேரிக்கு முப்பதாம் நாள் பூசை. பெங்களூரிலிருந்து வந்திருந்த கொழுந்தன் செபஸ்தியான் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பேசினான்.

"எங்கம்மா கையால சாப்பிடாத லாரி டிரைவர் இந்த ஊர்ல இல்லீங்க. அம்மா போயிட்டாங்கன்னு அந்த அடுப்பு அணையாது. சூசையப்பர் விருந்து புதனுக்குப் புதன் எப்பவும்போல நடக்கும். எங்க அண்ணி சகாயராணி பார்த்துக்குவாங்க."

கூட்டம் கைதட்டியது. பக்கத்து வரிசைப் பெண் திரும்பி, "குடுத்து வெச்சவங்க நீங்க" என்றாள். சகாயராணி பல்லைக் கடித்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டாள்.

யாரைக் கேட்டு அவன் வாக்குக் கொடுத்தான்? கோயம்புத்தூரில் மகள் ஜெர்லினுக்கு எந்நேரமும் வலி எடுக்கலாம். இன்றைக்கே பஸ் ஏறுவதாக மகளுக்குச் சத்தியம் செய்திருந்தாள். கட்டிவைத்த பை கட்டிலுக்கடியில் இருந்தது. ஜெர்லினின் தலைப்பிரசவம் இதே ஊரில், கூப்பிடு தூரத்து ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. அன்றைக்கும் புதன்கிழமை. "மூணு பேரை உட்கார வெச்சிட்டு, எந்திரிங்கன்னு சொல்ல முடியுமா சாமி? வடையைப் போட்டுட்டுப் போ" என்றார் மாமியார். வடை போட்டு முடிப்பதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள். அதன் முதல் அழுகையைச் சகாயராணி போனில்தான் கேட்டாள். "எல்லாருக்கும் நீ இருந்த, எனக்கு மட்டும் இல்ல" என்று ஜெர்லின் பிறகு சொன்னது இன்றைக்கும் காதுக்குள்ளேயே கிடந்தது.

செபஸ்தியான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது. அந்தோணிமேரி நல்ல மனுஷிதான். வயிற்றில் பிள்ளையோடு துரத்தப்பட்ட பெண்ணை வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர். யாருமில்லாத நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோய், ஊட்டிவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து செபமாலை சொல்லிவிட்டு வந்தவர். ஆனால் அந்தக் கஞ்சியைக் காய்ச்சியவள் யார்? வாசலில் நின்று "சாப்பிட்டுப் போங்க" என்று சொல்ல ஒரு வாய் போதும். உள்ளே உலையைத் திரும்ப வைக்க வேண்டியவள் யார்?

பூசை நடந்த அன்றைக்குச் சூசையப்பர் திருநாள். அது புதன்கிழமையிலேயே வந்திருந்ததால் முப்பதாம் நாள் விருந்தும் சூசையப்பர் விருந்தும் ஒன்றாகிப் போயின. வீட்டுக் கூடத்தில் மூன்று தலைவாழை இலைகள். ஒன்று சூசையப்பருக்கு, ஒன்று மாதாவுக்கு, ஒன்று குழந்தை இயேசுவுக்கு. பசித்த ஒரு கிழவர், ஒரு பெண், ஒரு பிள்ளை என மூன்று பேர் அவற்றில் உட்கார வேண்டும். வீட்டு மூத்த மகன் அவர்கள் காலைக் கழுவ வேண்டும், குடும்பம் பரிமாற வேண்டும். அவர்கள் சாப்பிட்டு எழும்வரை வீட்டில் யார் வாயிலும் ஒரு பருக்கை படக்கூடாது. போகும்போது புதுத் துணி கொடுத்து, தடுக்காமல் வழியனுப்ப வேண்டும். அந்தோணிமேரி இதில் ஒரு இம்மி பிசகியதில்லை.

கோழிப்பண்ணையில் காவலுக்கு இருந்த அம்மாசிக் கிழவர் முதல் இலையில் உட்கார்ந்துவிட்டார். அவர் பேத்தி தேவிப்ரியா அப்பளத்தைப் பார்த்தபடி மூன்றாவது இலையில். நடு இலை காலியாக இருந்தது. மாதாவாக எப்போதும் வரும் பூக்கார மஞ்சுளாவைக் காணோம்.

சகாயராணி போன் போட்டாள்.

"வல்லீங்கக்கா" என்றாள் மஞ்சுளா. "மவன் சம்பாரிக்கறான். எங்கூட்டு அடுப்புல சோறு இருக்குது. அந்தம்மா மனசு நோவக்கூடாதேன்னுதான் இத்தன வருசம் வந்தேன். இனி யாருக்காவ வாரது?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"நான் சொல்லிட்டேன். நீங்க எப்பச் சொல்லப் போறீங்க?"

போன் அணைந்தது. சகாயராணி அதை இடுப்பில் செருகிக்கொண்டு அப்படியே நின்றாள். விருந்தாளிக்கு வரமாட்டேன் என்று சொல்ல முடிகிறது. சமைக்கிறவளுக்கு முடியவில்லை.

நேரம் போனது. சேலத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் வந்த சொந்தங்கள் பந்தலில் நெளிந்தார்கள். பிள்ளைகள் சிணுங்கின. பங்குச்சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்டுக்குக் காரை அனுப்பி யாராவது ஒரு பொம்பளையைக் கூட்டிட்டு வரச் சொல்லுண்ணா" என்றான் செபஸ்தியான். "பசிச்சவளா இருந்தாப் போதும்."

சகாயராணியின் கணவர் அருளப்பன் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். பட்டறையில் சத்தம் போடுகிறவர், வீட்டில் வாய் திறக்கமாட்டார். சாவியைத் தேடி எழுந்தார்.

"கார் வேண்டாங்க" என்றாள் சகாயராணி.

கையைச் சேலையில் துடைத்தாள். கூடத்துக்கு வந்தாள். மாதாவுக்குப் போட்ட இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

பந்தலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணி, என்ன விளையாட்டு இது? ஊரே பார்க்குது."

"பார்க்கட்டும் தம்பி. இந்த ஊட்டுக்கு வந்த நாள்லருந்து நான் சூடா ஒரு வாய் சோறு தின்னதில்ல. காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல. பசிச்ச பொம்பளைக்குக் காரை அனுப்பறீங்களே, அடுப்படியில நின்னவ கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"அம்மா இருந்தா இப்படி நடக்குமா?"

"நடக்காது. அவங்க தெருவைப் பார்த்து நின்னாங்க. முதுகுக்குப் பின்னால நான் நின்னேன்."

செபஸ்தியான் பங்குச்சாமியாரைப் பார்த்தான். அவர் தொண்டையைச் செருமினார். "பசித்தவர்னுதான் முறை. வீட்டுக்காரங்க கூடாதுன்னு நான் கேள்விப்பட்டதில்ல."

அம்மாசி இலையிலிருந்து தலை தூக்கி அருளப்பனைப் பார்த்தார். "சட்டுபுட்டுனு காலக் கழுவுங்க சாமி. மாதா உட்காந்து எவ்வளவு நேரமாச்சு? சூசையப்பருக்குக் குடல் கருகுது."

பந்தலில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அருளப்பன் மட்டும் சிரிக்கவில்லை. வெண்கலச் சொம்பையும் தாம்பாளத்தையும் எடுத்து வந்து மனைவி முன்னால் மண்டியிட்டார். அவள் காலை நீட்டினாள். குதிகால் முழுக்க வெடிப்பு. ஒரு வெடிப்பில் காய்ந்த ரத்தம். தண்ணீர் பட்டதும் அவளுக்குச் சுரீரென்றது. காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"இது எப்பருந்து?" என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இப்பக் கேக்கறீங்களா?"

அவர் துண்டால் துடைத்துவிட்டார்.

செபஸ்தியான் பரிமாறினான். சோற்றைச் சிந்தினான், பருப்பை இலைக்கு வெளியே ஊற்றினான். சகாயராணி அவசரப்படவில்லை. சூடான சோற்றைப் பிசைந்து, ஒவ்வொரு வாயையும் மென்று தின்றாள். "ரசம் ஊத்துங்க தம்பி." ஊற்றினான். "பாப்பாவுக்கு இன்னொரு அப்பளம்." வைத்தான். "எனக்கு இன்னொரு வடை." பந்தல் முழுதும் பசியோடு காத்திருந்தது. காத்திருக்கட்டும் என்று நினைத்தாள்.

பாயசத்தை முடித்துக் கையைக் கழுவினாள். மாதாவுக்கென்று வைத்திருந்த புதுச்சேலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கட்டிலுக்கடியில் இருந்த பையோடு திரும்பினாள்.

"அண்ணி, எங்க கிளம்பிட்டீங்க?"

"எம்புள்ளகிட்டப் போறேன். விருந்தாளி கிளம்பறப்பத் தடுக்கக்கூடாது. உங்கம்மா போட்ட சட்டம்."

"அப்ப அடுத்த புதன்?"

"மைக்குல சொன்னது நீங்கதான? நீங்களே பார்த்துக்குங்க. வடைப்பருப்பைக் காலையிலயே ஊறப்போட்டுருங்க, இல்லீன்னா அரைபடாது."

மாலை போட்ட படத்தில் அந்தோணிமேரி சிரித்துக்கொண்டிருந்தார். எல்லோரையும் வரவேற்ற அதே சிரிப்பு. சகாயராணி அதற்கு நேராக நின்றாள்.

"சாப்பிட்டேன் அத்தை. வாரேன்."

சொல்லியும் நெஞ்சில் இருந்த சூடு ஆறவில்லை. ஆறவேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. முன்வாசல் வழியாக இறங்கி நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அருளப்பன் ஓட்டமாக வந்தார்.

"பையைக் குடு, பஸ் ஏத்தி உடறேன்."

"பை கனமில்லைங்க. நீங்க போய் எச்சில் இலையை எடுங்க. எடுத்தாத்தான் அடுத்த பந்தி."