கொம்பைப் பிடிக்கச் சொன்ன மெசேஜ்

மாரிசெல்விக்கு இருமல் பிடித்துப் பதினோரு நாளாகியிருந்தது. ஒரகடத்துக் கம்பெனியில், சர்க்யூட் போர்டுக்குச் சால்டர் வைக்கும் லைனில் வேலை. அவள் தலைக்கு மேலே புகையை இழுக்கும் ஃபேன் நின்றுபோயும் அதே பதினோரு நாள்தான். சூப்பர்வைசர் டில்லிபாபுவிடம் சொல்லப் பயம். அந்த மனுஷன் சாதாரணமாகப் பேசினாலே திட்டுகிற மாதிரி இருக்கும். அதனால் ஹெச்.ஆர். மதிவதனி மேடத்துக்கு வாட்ஸ்அப்பில் எழுதிப்போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்தது: டேக் த புல் பை த ஹார்ன்ஸ். பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை.

சுங்குவார்சத்திரத்து அறையில் கூடத் தங்கியிருந்த பாண்டிச்செல்வியிடம் காட்டினாள்.

"புல்லா? ஃபேனுக்கும் புல்லுக்கும் என்னடி சம்பந்தம்?"

போனிலேயே தமிழாக்கிப் பார்த்தார்கள். 'காளையைக் கொம்புகளால் எடு' என்று வந்தது. பாண்டிச்செல்வி அலங்காநல்லூர்ப் பக்கத்துக்காரி. அவள் முகம் மாறிவிட்டது.

"கொம்பைப் புடிச்சா ஆட்டத்த விட்டே வெளியேத்திருவாய்ங்கடி. திமிலைத்தான் புடிக்கணும். புகார் சொன்னா வேலை போயிரும்னு மெரட்டுது அந்தம்மா."

"மெரட்டுதவுக எதுக்குச் சிரிக்கிற பொம்மையப் போடுதாக?"

 கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் மாரிசெல்விக்கு அதே யோசனைதான். காளை யார், ஃபேனா, சூப்பர்வைசரா, இல்லை தானேயா? எதற்கு வம்பு, வாயைத் திறக்கவே வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு லைனில் போய் உட்கார்ந்தாள். பத்து மணிக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாம்மா, எப்பப் பாரு இருமிகினே கீற?" டில்லிபாபு வந்து நின்றார்.

பதறிப்போனவள் பதில் சொல்வதற்குப் பதிலாகப் போனை நீட்டிவிட்டாள். "சார், இதுக்கு என்ன அர்த்தம்?"

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "புல்லுன்னா மாடு. யாரு மாடு? என்னையா சொல்லுது?"

"தெரியல சார். ஃபேன் ஓடலன்னுதான் எழுதுனேன்."

அவர் அண்ணாந்து பார்த்தார். இறக்கையில் ஒட்டடை. "எத்தினி நாளா? என்னாண்ட சொல்றதுக்கு இன்னா?"

"உங்களப் பாத்தா பயம் சார்."

வார்த்தை தானாக விழுந்துவிட்டது. அக்கம்பக்கத்துக் கைகள் நின்றுபோயின. வேலை போச்சு என்று நினைத்தாள்.

டில்லிபாபு காதைத் தடவிக்கொண்டார். "பிரஸ் மிஷினாண்ட ஒம்போது வருஷம் நின்னவன் நானு. காது மந்தம். அதான் கத்துறேன். கோவமெல்லாம் இல்ல."

உடனே அவளை வேறு சீட்டுக்கு மாற்றினார். சாப்பாட்டு மணிக்குள் எலக்ட்ரீஷியன் வந்தார், ஃபேன் ஓடியது.

ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது மதிவதனி எதிர்ப்பட்டார். "நேராப் போய் பேசிட்டியாமே! தயங்காம நீயே எதிர்ல நின்னு கேளுன்னுதான் எழுதினேன்."

"நான் ஃபேனப் பத்திக் கேக்கப் போகலியே மேடம். உங்க மெசேஜுக்குத்தான் அர்த்தம் கேட்டேன்."

இப்போது மதிவதனிதான் விழித்தார். மாரிசெல்வி சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல், "வாரேன் மேடம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.