பின்சீட்டுச் சல்லடை

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், மூன்றாவது சிக்னலைத் தாண்டியதும் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், என்ஜின் படம் போட்ட சின்ன விளக்கு. வண்டி அவள் கைக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பின்சீட்டில் அப்பா கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நாலு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே விட்டிருந்தார்கள். டயாலிசிஸ் முடிந்த அன்றைக்கெல்லாம் அவருக்கு வெயிலிலும் குளிரும்.

ஓரமாக நிறுத்தி, டாஷ்போர்டு அறையில் கிடந்த கையேட்டைப் புரட்டினாள். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை எடுக்கவே கூடாது, நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப்போய்ச் சீக்கிரம் காட்ட வேண்டும் என்று போட்டிருந்தது. நிலையாகத்தான் எரிந்தது. கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் எரிந்தது. கையேட்டை மூடிவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஒன்பது வருஷம் என்கிட்ட இருந்துச்சு. ஒரு நாள் ஒரு லைட் எரிஞ்சதில்ல" என்றான் அண்ணன். "உன் கைக்கு வந்த உடனே எரியுதுன்னா என்ன அர்த்தம்? அது பேட்டரியும் பெட்ரோலும் சேர்ந்து ஓடற வண்டி. ஸ்கூட்டர் முறுக்கற மாதிரி முறுக்கினா தாங்காது."

"மெதுவாத்தாண்ணா ஓட்டறேன்."

"சரி, சரி. இருக்கறதையாவது ஒழுங்கா வெச்சுக்க."

அவ்வளவுதான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. அண்ணன் கார் கொடுத்த கதை சொந்தக்காரர்கள் நடுவில் ஒரு சுற்று சுற்றி முடிந்திருந்தது. தங்கைக்குக் காரையே தூக்கிக் கொடுத்துவிட்டான், இந்தக் காலத்தில் யார் செய்வார்கள் என்று சித்தி போன் செய்து நெகிழ்ந்தாள். காரோடு சேர்த்து அப்பாவையும் கொடுத்தான் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவின் இருமலுக்கு நாய்முடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அண்ணன் வீட்டில் ஒரு வெள்ளை நாய் இருந்தது. பஞ்சு மூட்டை மாதிரி, பார்த்தால் அணைக்கத் தோன்றும். ஆகவே நாய் வீட்டில் இருந்தது, அப்பா கிளம்பினார்.

அவளும் ஒன்றும் ஓடிப்போய் வரவேற்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை அவளுக்கு. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி என்றதும் தயங்கினாள். "வண்டி இல்லாம நான் எப்படிண்ணா கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டாள். அது நல்ல சாக்கு என்று அவளுக்கே தெரியும். கேட்டுவிட்டு, இதோடு பேச்சு நின்றுவிடும் என்று காத்திருந்தாள். "காரையே குடுக்கறேன், போதுமா?" என்று அண்ணன் அவள் வாயை அடைத்துவிட்டான். அந்தப் பேச்சு நடந்தபோது அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான்; பக்கத்தில் அப்பா இருமுவது கேட்டது.

வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால் ஒரு வொர்க்ஷாப் இருந்தது. மெக்கானிக்குக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. தேட வேண்டியதெல்லாம் கையாலேயே தேடினார். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு வயரைச் செருகி, கையகலக் கருவியைப் பார்த்தார்.

"என்ஜின்ல ஒண்ணுமில்லம்மா. பெரிய பேட்டரி சூடாவுது. பின்சீட்டுக்கு அடியில இருக்கு அது. ஐயாவக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க."

அப்பாவைக் கதவுப் பக்கமாக நகர்த்தி உட்காரவைத்தாள். சீட்டின் ஓரத்தில், கம்பளி தொங்கிய இடத்தில், உள்ளங்கையளவு பிளாஸ்டிக் சல்லடை இருந்தது. இந்த வழியாகத்தான் பேட்டரிக்குக் காற்று போகும் என்றார் மெக்கானிக். அப்பாவின் கால் குளிராமல் இருக்கட்டும் என்று ஒவ்வொரு தடவையும் கம்பளியின் ஓரத்தை அந்தப் பக்கமாக அழுத்திச் செருகியது அவள்தான். அண்ணன் சொன்னது சரிதான், வண்டியைக் கெடுத்தது நான்தான் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

"நான்தாங்க அடைச்சுட்டேன்" என்றாள்.

மெக்கானிக் சல்லடையைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு எதையோ பிடித்து இழுத்தார். கெட்டியான பஞ்சுத் தகடுபோல வந்தது. அதை அவள் கையில் வைத்தார். முடியில் பாதி அளவுக்குக்கூட லென்ஸ் ஓரம் விலகக்கூடாது என்கிற வேலையில் பத்து வருஷம் இருந்தவள் அவள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. வெள்ளை முடி. மெல்லியது, நுனியில் லேசாகச் சுருண்டது. வருஷக்கணக்காகப் படிந்து பாய்போல இறுகியிருந்தது.

"நாய் வளக்கறீங்களா?"

"இல்ல."

"அப்போ உங்க கம்பளி பாவம், சும்மா கெட்ட பேர் வாங்குது." அவர் மறுபடியும் கருவியைப் பார்த்தார். "இந்த லைட் இன்னிக்குத்தான் முதல்ல எரிஞ்சதுன்னும் இல்லம்மா. யாரோ மிஷின் போட்டு அழிச்சிருக்காங்க. அழிச்சது எத்தனை கிலோமீட்டருக்கு முன்னாடின்னு வண்டியே கணக்கு வெச்சிருக்கும். நூத்தி முப்பத்தொண்ணு."

ஆஸ்பத்திரியைத் தவிர வண்டியை அவள் வேறெங்கும் எடுத்ததில்லை. போக வர இருபத்தெட்டு. இன்றோடு நாலு தடவை. நூற்றுப் பன்னிரண்டு. மிச்சம் பத்தொன்பது. அண்ணன் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஐம்பது கிலோமீட்டர். அப்படியென்றால், அவளிடம் கொண்டுவந்து விடுகிற வழியில், வீட்டுக்குப் பத்தொன்பது கிலோமீட்டர் இருக்கும்போது அழித்திருக்கிறான். அழித்துவிட்டு வந்து, சாவியை அவள் கையில் வைத்து, அதைப் போட்டோவும் எடுத்துக்கொண்டான். அவள் அந்தப் போட்டோவில் சிரித்திருந்தாள்.

பழுதான வண்டியைத் தலையில் கட்டிவிட்டு, பழியையும் சேர்த்துக் கட்டியிருக்கிறான். போனை எடுத்தாள்.

"பாலத்துக்கு அடியில ஒரு கடை" என்றார் அப்பா.

திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்திருந்தார்.

"டீ குடிக்கலாம்னு நிறுத்தினான். எனக்கும் ஒரு டீ வாங்கிக் குடுத்தான். நான் பின்னாடிதான் உக்காந்திருந்தேன். அந்த ஆளு வயரச் செருகினான், லைட் அணைஞ்சுது. அஞ்சு நிமிஷம்கூட ஆகல."

"தெரிஞ்சுமா என்கிட்ட சொல்லல?"

மெக்கானிக் ஏதோ ஸ்பேனரைத் தேடுகிறவர்போல உள்ளே போய்விட்டார்.

"ஒன்பது நாளா உங்களக் கூட்டிட்டு அலையறேன். இப்போ நடுரோட்டுல நின்னு அவன்கிட்டத் திட்டு வாங்கினேன். கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

"வண்டி இருந்தாத்தானே என்னை வெச்சுக்கறேன்னு சொன்ன" என்றார் அப்பா. குற்றம் சொல்கிற குரல் இல்லை. மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் சொன்னார். "வண்டி சரியில்லன்னு சொன்னா, நீ திருப்பி அனுப்பிடுவ. அவனும் எடுத்துக்க மாட்டான்."

வண்டியையா உங்களையா என்று அவள் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள். அண்ணனிடம் கேட்க வைத்திருந்த அத்தனை கேள்வியும் நாக்கில் அப்படியே நின்றது.

மெக்கானிக் வெளியே வந்து காற்றடித்துச் சல்லடையைச் சுத்தம் செய்தார். பேட்டரி ஏற்கனவே சூட்டில் பாதி அடிவாங்கியிருக்கிறது, ஒரு மாதமோ இரண்டு மாதமோ, சொல்ல முடியாது என்றார். அந்த ஓட்டையில் காற்று தடைபடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"கண்ண உறுத்துச்சுன்னா லைட்ட அழிச்சு விடட்டுமா?"

"வேணாங்க" என்றாள். "எரியட்டும்."

தெருவுக்குள் திரும்பும்போது கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். அப்பா கம்பளியை எடுத்து நாலாக மடித்து மடியில் வைத்திருந்தார். சல்லடைப் பக்கம் இருந்த காலைத் தூக்கி, மற்ற காலோடு ஒட்டி, மறுகதவு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஒரு குழந்தைக்கு வேண்டிய இடம்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

"போர்த்திக்குங்கப்பா. சல்லடையில படாம இழுத்துப் போர்த்திக்கிட்டா ஒண்ணும் ஆகாது."

"குளிரலம்மா" என்றார்.

மடித்த கம்பளியின் மேல் இருந்த அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதை மற்ற கையால் பிடித்துக்கொண்டார்.